மணல் வீடும் வியாக்கியானிகளும்

பைபிளைக் கவிதையாக வாசிக்கக் கற்றுக்கொண்டால் பிரச்சனை தீர்ந்தது என்கிறார் நம் வட்டத்து நண்பர் ஒருவர். ஆறு நாள் சிருஷ்டி, பேசும் பாம்பு, தண்ணீர்மேல் நடை, கடைசி நாளின் எக்காளங்கள் எல்லாமே குறியீடுகள். குறியீட்டைச் செய்தியாக எடுத்துக்கொள்ளும் பாமரத்தனம்தான் நோய், இலக்கியப் பயிற்சி அதற்கு மருந்து. டீக்கடை வாசலில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த நான்கு பேரில் மூன்று பேர் தலையாட்டினார்கள். இலக்கியத்துக்கு இப்படி ஒரு வைத்திய உத்தியோகம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? நான் தலையாட்டவில்லை; பதிலும் சொல்லவில்லை. எனக்குப் பதில்கள் பஸ் ஏறிய பிறகுதான் வரும்.

நண்பர் கேலி செய்கிற ஆசாமியை எனக்கு நன்றாகத் தெரியும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் இரு பக்கச் சுவர்களிலும் போஸ்டரில் அவர் சிரிக்கிறார். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. கறுப்புக் குழம்பை ஆட்கள் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு ஒரு பந்தலில் பிரசங்கம் கேட்டேன். வெளிப்படுத்தின விசேஷம், எட்டாம் அதிகாரம்: சமுத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு கெடுகிறது, அதிலுள்ள ஜீவன்கள் சாகின்றன, கப்பல்கள் அழிகின்றன. எழுதியபடியே நடக்கிறது என்றார் பிரசங்கியார். கூட்டம் அழுதது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிப் படகையும் வலையையும் பூசியபோது மறுபடியும் அதே அதிகாரம், வேறொரு பந்தல், வேறொரு குரல்.

இவரைத்தான் நாம் எழுத்துக்கு எழுத்து வாசிப்பவர் என்கிறோம். இதுதான் முதல் தவறு. அவர் எதை எழுத்துக்கு எழுத்து வாசித்தார்? கரையொதுங்கியது என்ன மீன், யாருடைய எண்ணெய், நாசமான வலைக்கு யார் காசு கொடுப்பது, எத்தனை நாள் கடலுக்குப் போகமுடியாது என்ற எதுவும் அவர் கண்ணில் படவில்லை. செத்த மீன் அவருக்கு வேறொன்றைச் சுட்டும் விரல். சுட்டி முடிந்ததும் விரலுக்கு வேலையில்லை. உலகத்தில் நடப்பதையெல்லாம் குறியீடாக்கிவிட்டுப் புத்தகத்தை மட்டும் அவர் ஸ்தூலமாக வைத்துக்கொள்கிறார். நண்பர் புத்தகத்தைக் குறியீடாக்கிவிட்டு உலகத்தைச் செய்தித்தாளிடம் ஒப்படைத்துவிடுகிறார். இருவருக்கும் நடுவில் மீன் நாறிக்கொண்டிருக்கிறது.

எழுத்துக்கு எழுத்து வாசிக்கும் கிறிஸ்துவர் என்று ஒருவர் முழுசாக இருந்ததாகத் தெரியவில்லை. வலது கண் இடறச் செய்தால் பிடுங்கி எறியச் சொல்லியிருக்கிறது மத்தேயு ஐந்தில். இரண்டாயிரம் வருஷக் கிறிஸ்துவம் இரண்டு கண்களோடுதான் பிரசங்க மேடையில் நிற்கிறது. குறியீட்டு வாசிப்பின் பிதா என்று சொல்லத்தக்கவர் அலெக்சாந்திரியாவின் ஓரிகன். சூரியனே படைக்கப்படாதபோது முதல் மூன்று நாட்கள் எப்படி வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கேட்டவர். அதே ஓரிகன்தான், பரலோக ராஜ்யத்துக்காகத் தங்களை அண்ணகராக்கிக்கொண்டவர்கள் பற்றிய வசனத்தை வாலிபத்தில் அப்படியே எடுத்துக்கொண்டு தம்மை வெட்டிக்கொண்டார் என்று எழுதிவைத்திருக்கிறார் சபைச் சரித்திரக்காரர் யூசேபியஸ்.

நம் காலத்து எழுத்துவாதிகளின் பிரகடனம் 1978-இல் சிகாகோவில் வெளியானது. வேதத்தில் பிழையே இல்லை என்று சொல்லும் அந்தப் பிரகடனத்திலும் இலக்கிய வடிவங்களையும் உத்திகளையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே, 1965-இல், ரோமாபுரியின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதைச் சொல்லிவிட்டது. கொள்கையில் பெரிய தகராறு இல்லை. பட்டுவாடாவில்தான் தகராறு. எந்த வசனம் எழுத்தாகும், எது உருவகமாகும், யாருக்கு?

ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெருசலேம் மதிலில் ஊசிக்காது என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டால் நுழைந்துவிடலாம் என்று எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறேன்! அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. வேறு சிலர் கிரேக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றி ஒட்டகத்தை வடக்கயிறாக்கினார்கள். துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் வடத்தைப் பார்த்தவனுக்கு அதிலும் ஆறுதல் கிடைக்காது. பணக்காரனைத் தொடும் வசனம் வந்தால் எழுத்துவாதிக்கும் ஒரு வாசல் தேவைப்படுகிறது. மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்துக்கு இப்படி யாரும் வாசல் தேடிப் போவதில்லை.

இனி நான் சொல்லவந்த விஷயம். சில வருஷங்களுக்கு முன்பு இந்தப் பக்கத்துக் கோவில் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உட்கார்ந்திருந்தேன். (நான் பூசைக்குப் போகிறவனா என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத விஷயம்.) வாசகம் மத்தேயு ஏழு: பாறைமேல் வீடு கட்டிய புத்திசாலி, மணல்மேல் கட்டிய புத்தியில்லாதவன், மழை, வெள்ளம், காற்று. பிரசங்கம் செய்தவர் பந்தல்காரர் அல்ல, படித்தவர், மென்மையானவர். பாறை என்றால் விசுவாசம், மணல் என்றால் உலக ஆசை, வெள்ளம் என்றால் சோதனை என்று அழகாகப் பிரித்து வைத்தார். நம் நண்பர் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கடலுக்கு வீட்டைக் கொடுத்த குடும்பங்கள். பூசை முடிந்து வெளியே வந்தவரை ஒரு கிழவி நிறுத்தினாள்.

"எங்க தாத்தா வூடு கட்டசொல்லோ கடலு எங்கியோ இருந்துச்சு, சாமி. மண்ணு அம்மாந் தூரத்துக்கு இருந்துச்சு. அந்த மண்ணு எங்க போச்சுன்னு அதுல எழுதிக்கீதா?"

அவர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். வேறென்ன செய்வார்?

கிழவி கேட்டது ஸ்தூலமான கேள்வி. அதற்கு ஸ்தூலமான பதிலும் உண்டு. சோழமண்டலக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே நடத்திக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும். வருஷக் கணக்கை முடித்தால் நிகரமாக வடக்குப் பக்கம்தான். 1870-களில் தொடங்கி மதராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் நீண்டபோது இந்த நடை தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. நாம் மாலையில் கவிதை பேசப் போகிற மெரினாவின் அகலத்தில் பெரும்பகுதி அந்த மணல்தான். சுவருக்கு வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குப்பம் குப்பமாகத் தெருக்கள் போயின. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கொட்டிய இடத்தில் கரை நின்றது; அதற்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. ஆக, மண் எங்கே போயிற்று என்றால், மெரினாவுக்குப் போயிற்று.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி மத்தேயுவைப் படித்தால் உவமை கலைந்துபோவதில்லை. பாலஸ்தீனத்து ஓடைகள் கோடையில் வறண்டு மணலாய்க் கிடக்கும். மாரிக்காலத்தில் ஒரே ராத்திரியில் வெள்ளம் வரும். அங்கே வீடு கட்டுகிறவன், வரும் என்று தெரிந்த தண்ணீரை மறந்தவன். அதனால் புத்தியில்லாதவன். லூக்கா இதே கதையைச் சொல்லும்போது மணலை விட்டுவிட்டு, அஸ்திவாரம் தோண்டாமல் வெறும் தரையில் கட்டிய வீடு என்கிறார். அவர் வாசகர்களின் ஊர் மண் வேறு போலிருக்கிறது. சுவிசேஷக்காரர்களுக்கே மண்ணின் ரகம் முக்கியமாக இருந்திருக்கிறது. நம் பிரசங்கியாருக்கு அது 'உலக ஆசை'. கிழவியின் தாத்தா ஓடையில் கட்டவில்லை, கடல் வராத இடத்தில் கட்டினார். அப்படியானால் இந்தக் கதையில் புத்தியில்லாத மனிதன் யார்? கல்லின்மேல் கல் வைத்துக் கட்டிய துறைமுகச் சுவர்களையே 1881-இல் ஒரு புயல் உடைத்துப்போட்டது, திரும்பக் கட்டினார்கள். பாறை என்றால் விசுவாசம் என்று மனப்பாடம் பண்ணிவைத்தவனுக்கு இந்தக் கேள்விகள் எழ வழியே இல்லை. அவன் வாசிப்பில் வீட்டை இழந்தவள் விசுவாசத்திலும் குறைந்தவளாகிறாள். வாய்விட்டு அப்படிச் சொல்லமாட்டான், நல்லவன். அவன் சொல்லாததை அவன் குறியீடு சொல்லிவிடுகிறது.

கடலோரத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலில் சாதிகளைப் பிரித்து உட்கார வைக்கக் கோவிலுக்குள்ளேயே சுவர் எழுப்பியிருந்தார்கள். 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. எபேசியர் நிருபத்தில், இரண்டு ஜனங்களுக்கு நடுவில் நின்ற சுவரைக் கிறிஸ்து தகர்த்ததாக ஓர் இடம் வருகிறது. ஜெருசலேம் ஆலயத்தில் புறஜாதியார் தாண்டக்கூடாத நிஜமான தடுப்பு ஒன்று இருந்தது. தாண்டினால் சாவு என்று கிரேக்கத்தில் கல்வெட்டே வைத்திருந்தார்கள். அந்தக் கல்லிலிருந்துதான் உருவகம் கிளம்புகிறது என்று உரைகாரர்கள் பலர் சொல்கிறார்கள். வடக்கன்குளத்தில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து இந்த நிருபத்தைக் கேட்டிருப்பார்கள். தகர்ந்தது ஆவிக்குரிய சுவர் என்று எடுத்துக்கொண்டால் கண்ணெதிரே நிற்கிற சுவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

அப்படியானால் நீ எழுத்துவாதத்துக்கே திரும்புகிறாயா என்று நண்பர் கேட்கலாம். எழுத்தும் குறியீடும் எதிரெதிர்க் கட்சிகள் என்ற பிரமையே நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம். ராயபுரம் என்ற பெயரையே பாருங்கள். ராயப்பர் பெயரால் ராயபுரம் என்பது இங்கே வழங்கும் பெயர்க்காரணம். ராயப்பர் என்றால் பேதுரு. கிறிஸ்து அவருக்கு வைத்த பெயருக்கு அரமேயத்தில் பாறை என்று பொருள். தெலுங்கில் ராயி என்றால் கல். பழைய கத்தோலிக்கத் தமிழ் பெயர்களின் ஓசையை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டது. பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவன் என்று பொருள், அவர் சின்னப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். வீரமாமுனிவரின் தேம்பாவணியில் சூசை வளன் ஆனார். புராட்டஸ்டண்டுகள் ஓசையை எடுத்துக்கொண்டார்கள், பேதுரு என்றார்கள். பெயர் பத்திரமாக வந்து சேர்ந்தது, கல் வழியில் விழுந்துவிட்டது. 1995-இன் பொது மொழிபெயர்ப்பில் கத்தோலிக்கரும் பேதுருவுக்கே வந்துவிட்டார்கள். ஒற்றுமைக்குக் கொடுத்த விலை. நியாயமான விலையாகவும் இருக்கலாம். ஆனால் ராயபுரத்தில் அவருக்குக் கோவில் எழுப்பியவர்கள், துறைமுகம் வருவதற்கு முன்னால் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கப்பலுக்கும் கரைக்கும் சரக்கையும் ஆட்களையும் கொண்டுபோன படகுக்காரர்கள். படகுக்காரர்கள் ஒரு படகுக்காரனைத் தேர்ந்துகொண்டார்கள். அவர் கல்லா, விசுவாசமா, ரோமாபுரியின் அதிகாரமா என்று அவர்கள் முதலில் தீர்மானித்துக்கொள்ளவில்லை.

இன்னொரு உதாரணம். 1529-இல் மார்பர்கில் லூத்தரும் ஸ்விங்லியும் சந்தித்தபோது, அப்பத்தைத் தம் உடல் என்று கிறிஸ்து சொன்ன வாக்கியத்தை லூத்தர் லத்தீனில் மேஜைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டார். அதிலுள்ள 'இருக்கிறது' என்ற வினைக்குக் 'குறிக்கிறது' என்பதே பொருள் என்றார் ஸ்விங்லி. அந்த ஒரு வினைச்சொல்லில் சீர்திருத்தம் இரண்டாகப் பிளந்தது. தமிழில் இந்தச் சண்டையைப் போடவே முடியாது, நமக்கு அங்கே வினைச்சொல் வேண்டியதில்லை. 'இவன் என் தம்பி', 'இவன் என் உயிர்' இரண்டுக்கும் ஒரே அச்சு. ஒன்று உறவு, மற்றது உருவகம் என்று இலக்கணம் சொல்லாது. சொல்கிறவளையும் சந்தர்ப்பத்தையும் பார்க்கவேண்டும். கிறிஸ்து பேசிய அரமேயத்திலும் அந்த இடத்தில் வினைச்சொல் வேண்டாம் என்கிறார்கள். நம் பழைய புராட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பாளர்கள் தமிழின் இந்தச் சௌகரியத்தைக் கண்டு பயந்தார்களோ என்னவோ, சரீரத்தின் வாலில் ஓர் 'ஆயிருக்கிறது'வைக் கட்டிவிட்டார்கள். வால் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.

வங்கியில் பிழைப்பவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ரூபாய் நோட்டு பணத்தைக் குறிக்கிறதா, பணமாகவே இருக்கிறதா? அதில் அச்சிட்டிருக்கும் வாக்குறுதியை எழுத்துக்கு எழுத்து நம்பி எந்தக் கவுண்டருக்குப் போனாலும் இன்னொரு நோட்டுத்தான் கிடைக்கும். சரி, வெறும் குறியீடு என்று சொல்லிப் பாருங்கள். 2016 நவம்பர் 8-க்குப் பிறகு வரிசையில் நின்ற முகங்களைக் கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்த்தவன் நான். மடியில் முடிந்த ஐந்நூறு ரூபாயை, ஈரம் காயாமல், நீட்டிய மீன்காரப் பெண்களிடம் 'வெறும்' என்ற சொல்லை யாரும் உபயோகிக்கவில்லை. பந்தல்காரரும் நண்பரும் ஒத்துப்போகிற இடம் இந்த 'வெறும்'தான். குறியீடு என்றால் ஒருபடி குறைந்தது என்று இருவரும் நம்புகிறார்கள். அதனால் ஒருவருக்குப் பயம், மற்றவருக்கு நிம்மதி.

நண்பர் கையில் நார்த்ராப் ஃப்ரையின் 'தி கிரேட் கோட்' (1982) இருக்கிறது. பைபிளின் நேர்ப்பொருளே உருவகப் பொருள்தான் என்று ஃப்ரை வாதாடுகிறார். அதில் சரக்கு உண்டு. ஆனால் அதோடு ஏரிக் அவெர்பாக் 1938-இல் எழுதிய 'ஃபிகுரா' கட்டுரையையும் அவர் படித்திருக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சி பின்னால் வருகிற இன்னொன்றை முன்கூட்டிக் காட்டும்போது இரண்டும் நிஜமாகவே நிற்கின்றன, முதலாவது கரைந்து கருத்தாகிவிடுவதில்லை என்று அவெர்பாக் காட்டுகிறார். இதற்காக ஜெர்மனி வரைக்கும் போயிருக்க வேண்டாம். நெய்தல் பாட்டில் மீனுக்குக் காத்திருக்கும் நாரை தலைவனைப் பற்றியதாக இருக்கலாம். அதற்கு முன்னால் அது நாரை, அதற்குப் பசி. தெய்வத்தை நீக்கிவிட்டு மற்றக் கருப்பொருள்களையே உள்ளுறைக்கு நிலமாக வைத்தார் தொல்காப்பியர். மரமும் பறவையும் மீனும் அடியில் இன்னொரு பொருளைத் தாங்கலாம். தெய்வத்தை மட்டும் அந்த வேலைக்கு இழுக்கக்கூடாது. நம் வியாக்கியானிகள் இதைச் சரியாகத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

யோவானின் கடைசி அதிகாரத்தில் ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல், விடிந்தபிறகு வலை நிறைகிறது. மீன் 153. அகஸ்டின் இதற்குக் கணக்குச் சொன்னார்: பத்துக் கற்பனைகள், ஆவியின் ஏழு வரங்கள், மொத்தம் பதினேழு, ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153. (கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. தொழில் பழக்கம்.) உலகத்து மீன் வகைகளே அத்தனை என்று ஒரு கணக்கை ஜெரோம் எடுத்துக்காட்டினார். காசிமேட்டில் பழக்கமான ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எண்ணாம எப்பிடி சார் பங்கு பிரிப்பாங்க?"

படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு இத்தனை பங்கு. அன்று படகில் இருந்தவர்கள் ஏழு பேர். பெரிய மீன்கள் என்று யோவான் குறிப்பாகச் சொல்வதை நான் அதுவரை கவனித்ததில்லை, அவர்தான் சொன்னார். பொடி மீனை யாரும் எண்ணமாட்டார்கள், கூடையாகப் போகும். பெரிய மீனைத்தான் ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். எண்ணியது யார் என்று எழுதியில்லை. அவரைக் கேட்டால் ஏழு பேரும் சேர்ந்துதான் எண்ணியிருப்பார்கள் என்கிறார், ஒருத்தன் எண்ணினால் சண்டை வரும். அதற்குப் பிறகுதான் சாப்பிட வாருங்கள் என்ற அழைப்பு. கத்தோலிக்கத் தமிழில் ஒரு கோவிலைச் சேர்ந்த மக்களுக்கும் பங்கு என்றுதான் பெயர். அகஸ்டினின் பதினேழை நான் கேலி செய்யவில்லை, அவர் பெரிய மனிதர். அவர் கூட்டலில் மீன் இல்லை என்பதுதான் என் புகார்.

இதே புகார் நம்மீதும் இருக்கிறது. நம் பத்திரிகைகளின் கடைசிப் பத்து இதழ்களை எடுத்துக் கவிதைகளைப் புரட்டுங்கள். கடல் என்றால் தனிமை, மணல் என்றால் காலம், மீன் என்றால் மௌனம். பாறை என்றால் விசுவாசம் என்ற பிரசங்கியாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவருடைய அகராதி அச்சாகியிருக்கிறது, நம்முடையது இன்னும் அச்சாகவில்லை. கடற்கரைக் கவிதைகளில் பாதி மெரினாவில் எழுதப்பட்டவை என்று தோன்றுகிறது. அந்த மணல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற பிரக்ஞை ஒரு வரியிலும் இல்லை. இருக்கவேண்டும் என்று நான் சட்டம் போடவில்லை. அது இல்லாதவரை பந்தல்காரரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கிறேன்.

நண்பர் பதில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதட்டும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு வரச் சம்மதித்தால் ராயபுரம் ரயில் நிலைய வாசலில் காத்திருக்கிறேன். விடிவதற்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் பெரிய மீன் ஏலம் போயிருக்கும்.